கீழே நின்று கத்த ஆளில்லை

மொட்டைமாடித் தரையில் நான்கு ஓட்டைகள் இருந்தன. சங்கரேஸ்வரி குனிந்து அதில் ஒன்றுக்குள் சுண்டுவிரலை விட்டாள். விரல் நுனியில் ஈரமும் துருவும் ஒட்டிக்கொண்டு வந்தன.

"எலி வளையா ஏட்டம்மா?" என்றான் அல்தாப்.

"எந்த எலி ஸ்கேல் வச்சு சதுரமா வளை தோண்டும்?"

"தென்காசி எலி படிச்ச எலியா இருக்கும்லா."

அல்தாப்புக்கு முப்பத்தைந்து வயது. சொந்தமாக ஒரு பழைய ஆம்னி வேன் வைத்திருந்தான். சங்கரேஸ்வரி இருபத்தாறு வருடம் காவல்துறையில் ஏட்டாக இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவள். காணாமல் போனவர்களைத் தேடித் தருவது இப்போது அவள் தொழில். அந்தத் தொழிலுக்கு வேனும் அவன்தான், ஓட்டுநரும் அவன்தான், வாயும் அவன்தான்.

மாடி முழுக்கச் சாரலில் பாசி படர்ந்து பச்சையாகக் கிடந்தது. அந்த நான்கு ஓட்டைகளுக்கு நடுவில் மட்டும் ஒரு சாண் சதுரத்துக்குச் சிமெண்டுத் தரை வெளுப்பாகத் தெரிந்தது. பாசி இப்போதுதான் அதன் ஓரத்தைத் தொட்டிருந்தது.

படிக்கட்டுக் கதவருகே வீட்டுக்காரன் விஜயசங்கர் சாவிக்கொத்தை ஆட்டியபடி நின்றான். பஜாரில் உரக்கடை வைத்திருப்பவன். அவனுடைய அப்பா தில்லைநாயகம் காணாமல் போய் இன்றோடு முப்பத்தொன்பது நாள். குற்றாலத்து அருவியில் குளிக்கப் போனவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்பது ஊர் ஏற்றுக்கொண்ட செய்தி. உடல் கிடைக்கவில்லை. செருப்பு மட்டும் கிடைத்திருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? நாளை மறுநாள் கருமாதி. தர்ப்பையில உருவம் செஞ்சு எரிக்கணும்னு சொல்லியிருக்காவ. எனக்கு ஆயிரம் சோலி கிடக்கு" என்றான். "என் தங்கச்சி மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு, அப்பா சாகலன்னு ஒத்தைக்கால்ல நிக்கா. அவ அனுப்புனான்னுதான் உங்கள மாடி வரைக்கும் விட்டேன்."

"இங்கன என்ன இருந்துச்சு தம்பி?"

"எங்கன?"

"இந்த நாலு ஓட்டைக்கு மேல."

விஜயசங்கர் வந்து பார்த்தான். யோசித்தான். பிறகு தலையைத் தூக்கி மாடியைச் சுற்றும் முற்றும் தேடினான். அவனும் இப்போதுதான் கவனிக்கிறான் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"டிஷ் இருந்துச்சு."

"யாரு கழட்டுனா?"

"தெரியலையே. நாங்க டிவி பாக்கதே இல்ல. எல்லாம் போன்லதான். அப்பா ரூம்ல மட்டும் ஒரு சின்ன டிவி ஓடிட்டிருந்துச்சு."

"அந்த டிவி?"

"அதையும் காங்கல. யாருக்காவது தூக்கிக் குடுத்திருப்பாரு."

"எப்ப?"

"நாங்க ரெண்டு நாள் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தோம். வந்து பாத்தா ஆளும் இல்ல, துண்டும் இல்ல. போன் மட்டும் மேசை மேல கிடந்துச்சு."

வேனில் ஏறியதும் அல்தாப் வாயைத் திறந்தான். "சாகப் போறவரு டிஷ்ஷைக் கழட்டிட்டா போவாரு? மேல கனெக்‌ஷன் குடுக்க மாட்டாவன்னு நெனச்சிருப்பாரோ?"

சங்கரேஸ்வரி சிரிக்கவில்லை. மேலகரத்தில் அவள் வீடு இருக்கிறது. கணவர் இறந்துபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், விளக்கைப் போடுவதற்கு முன்பு டிவியைத்தான் போடுவாள். என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. யாரோ பேசுகிறார்கள் என்று ஆனபிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த மனுஷன் உயிரோட இருக்காரு அல்தாப்பு. எங்கேயோ ஒத்தையா இருக்காரு. ஒத்தையா இருக்கப் போறவன்தான் டிவியைத் தூக்கிட்டுப் போவான்."

குற்றாலம் காவல் நிலையத்தில் எழுத்தர் அய்யாக்குட்டி அவளுடன் பழைய நாளில் ஒரே பிரிவில் இருந்தவர். பிளாஸ்டிக் பைக்குள் கிடந்த செருப்பை எடுத்து மேசையில் வைத்தார். வெளியே சீசன் கூட்டம் எண்ணெய் வழிய அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு சீசனுக்கு ஒரு சாக்கு செருப்பு சேருது. இது பாறை இடுக்குல கெடந்துச்சு. மகன் வந்து பாத்த உடனே, எங்க அப்பாவுதுதான்னு சொல்லிட்டாரு" என்றார்.

வலது காலுக்கான பழுப்புத் தோல் செருப்பு. கட்டைவிரலுக்கு ஒரு வளையம். சங்கரேஸ்வரி அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்து சென்னைக்குப் போன் போட்டாள். தில்லைநாயகத்தின் மகள் சண்முகப்பிரியா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா என்ன செருப்பு போடுவாரும்மா?"

"சுகர்காரங்க போடுறது அக்கா. கறுப்பு. பின்னால பட்டை வச்சது. போன வருஷம் வலது கால் கட்டைவிரலை எடுத்துட்டாங்கல்ல? வேற செருப்பு கால்ல நிக்காது." குரல் சட்டென்று மாறியது. "ஏன் கேக்கிங்க? போலீஸ்ல இருக்கிற செருப்பு எப்படி இருக்கு?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள்.

அல்தாப் அவள் முகத்தைப் பார்த்தான். "இல்லாத வெரலுக்கு வளையமா? அப்போ மகன் பொய்தான சொல்லியிருக்கான்?"

"மகன் எங்கேயும் ஓடிப் போக மாட்டான். மொதல்ல அப்பாவத் தேடுவோம். டிஷ்ஷைத் தூக்கிட்டுப் போனவரு எங்கேயாவது அதை மாட்டணும். மாட்ட ஆணி, கிளாம்ப்பு, ஒயர் வேணும். தென்காசியில டிஷ் மாட்டுறவன் யாரு?"

"நம்ம சுடலைராஜ். மச்சு வீடு, மாடி வீடு, யாரு வீட்டு மேலயும் ஏறுவான். சொந்த வீட்டுக்கு மட்டும் ராத்திரிதான் போவான்."

சுடலைராஜின் கடை குற்றாலம் ரோட்டில் ஒரு பெட்டியளவு இருந்தது. அவன் ஒரு ரிமோட்டின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தொன்பது நாளுக்கு முன்னால் வந்த ஒரு பெரியவர் என்று சங்கரேஸ்வரி ஆரம்பித்ததுமே நிமிர்ந்தான்.

"லேசாக் காலைச் சாய்ச்சு நடப்பாரே, அவரா? நல்லா ஞாபகம் இருக்கு. ஓட்டு வீட்டுக்கு டிஷ் மாட்டணும், என்னென்ன வேணும்னு கேட்டாரு. மாடின்னா தரையில நாலு போல்ட்ட எறக்கிட்டு வந்துரலாம். சரிஞ்ச கூரை அப்படி இல்லை. ஓட்டுல அடிச்சா ஓடு ஒடஞ்சிரும். ரெண்டு ஓடு எடுத்துட்டு, அடியில கூரையைத் தாங்குற கைமரத்துல கிளாம்ப்பு போட்டு, குழாயை நட்டமா நிறுத்தணும். கூரை சரிஞ்சிருக்குன்னு குழாயும் சரிஞ்சா படம் வராது. பொறவு எடுத்த ஓடுகளைப் போட்டு மூடி, ரப்பர் வச்சு அடைக்கணும், இல்லன்னா உள்ள மழை பெய்யும். நான் வந்து மாட்டித் தாரேன்னேன். வேண்டாம்னுட்டாரு."

"இத்தனை பேரு வார கடையில இவர எப்படி ஞாபகம் வச்சிருக்க?"

சுடலைராஜ் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"ஒரு கேள்வி கேட்டாரு ஏட்டம்மா. டிஷ்ஷைத் திருப்பும்போது ஒருத்தன் மேல நிப்பான், இன்னொருத்தன் கீழ டிவிகிட்ட நின்னு 'வருது, போச்சு, வந்துட்டு'ன்னு கத்துவான். எல்லா வீட்லயும் அப்படித்தான். இவரு கேட்டாரு, 'கீழ நின்னு கத்த ஆள் இல்லைன்னா எப்படி மாட்ட?'ன்னு. பதினஞ்சு வருஷத்துல யாரும் கேக்காத கேள்வி. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. சிக்னல் வந்தா கீச்சுனு கத்துற பெட்டி ஒண்ணு இருக்கு. கம்பெனிக்காரங்க வச்சிருப்பாவ. அதைச் சும்மாவே குடுத்துவிட்டேன்."

"பேரு, ஊரு கேட்டியா?"

"கேக்கல."

"பெட்டி?"

"நாலு நாள்ல திரும்பி வந்துட்டு. புளியரை பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து விட்டிருந்தாரு."

அல்தாப் ஏற்கெனவே வேனுக்குப் போய்விட்டிருந்தான்.

செங்கோட்டையைத் தாண்டினால் காற்று வேறு. மலையின் கணவாய் வழியாகக் கேரளத்திலிருந்து வருகிற காற்று வேனின் பக்கவாட்டில் அறைந்தது. புளியரையில் தெருவுக்குத் தெரு ஓட்டு வீடு. ஒவ்வொரு கூரையிலும் ஒரு டிஷ்.

"இதுல எந்த வீடுன்னு கண்டுபிடிக்க? ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டி, 'இங்கன செத்துப்போனவரு யாராவது இருக்கியளா?'ன்னு கேக்கவா?"

"டிஷ் எல்லாம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருலே."

அல்தாப் பார்த்தான். எல்லா டிஷ்ஷும் தென்கிழக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன.

"ஒரே ஜமாத்து மாதிரி ஒரே பக்கமால்லா திரும்பியிருக்கு!"

"நேத்து ராத்திரி அடிச்ச காத்துக்கு, சரியா முறுக்காத டிஷ் திரும்பியிருக்கும். மத்த வீட்ல காலையிலேயே ரெண்டு ஆளு சேர்ந்து திருப்பி வச்சிருப்பாவ. கத்த ஆள் இல்லாத வீட்லதான் இன்னும் திரும்பி நிக்கும்."

மூன்றாவது தெருவின் கடைசியில், தேக்குமரங்களுக்கு முன்னால், அது இருந்தது. தனியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில், ஈரமான ஓட்டின் முகட்டில், இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கால் ஒன்று கறுப்புச் செருப்போடு சரிவில் ஊன்றியிருந்தது. இன்னொரு கால் வழுக்கி வழுக்கி இடம் தேடியது.

அல்தாப் கூப்பிடப் போனான். சங்கரேஸ்வரி அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். முப்பத்தொன்பது நாளாகச் செத்துப்போயிருக்கிற மனுஷனைத் திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிட்டால், திடுக்கிட்டுத் திரும்புவார். அந்தச் சரிவில் திரும்பினால் நேரே தரைதான்.

அவள் கூரைக்கு அடியில் போய் நின்று, அடுத்த வீட்டுக்காரி கேட்பதுபோலக் கேட்டாள்.

"அண்ணாச்சி, கீழ நின்னு டிவி பாத்துச் சொல்ல ஆள் வேணுமா?"

மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை. பதில் மட்டும் வந்தது.

"வேணும்."

அல்தாப் ஏணியில் பாதி ஏறி, அவர் வழுக்கினால் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டான். சங்கரேஸ்வரி உள்ளே போனாள். ஒரே அறை. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். சின்ன டிவியில் சிக்னல் இல்லை என்ற நீல எழுத்து. தலைக்கு மேல் கூரையில் இரண்டு ஓடு எடுத்த இடைவெளி வழியாக வெளிச்சமும் சாரலும் இறங்கின.

டிவிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு காகிதச் சுருள் நின்றது. காற்றில் அது விழுந்து விரிந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுவில் தில்லைநாயகத்தின் முகம், மாலை போட்டு. அடியில் பெரிய எழுத்தில்: 'இப்படிக்கு, மகன் விஜயசங்கர், மகள் சண்முகப்பிரியா.' பின்பக்கத்தில் பசை காய்ந்து, சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வந்திருந்தது.

அவள் அதைச் சுருட்டி மறுபடி சுவரோரம் நிறுத்தினாள். தன்னைச் செத்தவராக்கிவிட்டார்கள் என்று இந்த மனுஷருக்குத் தெரியும்.

"இப்ப என்ன சொல்லுது?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் வரல அண்ணாச்சி. கெழக்க திருப்புங்க... இன்னும்... வருது, வருது... போச்சு! கொஞ்சம் திரும்ப... வந்துட்டு! அப்படியே விடுங்க!"

படம் வந்தது. ஆட்டுக்கு வருகிற அம்மைநோய் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மேலே போல்ட்டை முறுக்குகிற சத்தம் கேட்டது. அது முடிந்ததும் ஓட்டு இடைவெளியில் அவர் முகம் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது.

"விஜயன் அனுப்புனானா?" என்றார்.

"இல்ல. பிரியா."

அவர் கண்ணைச் சுருக்கினார். "அவ பேரும் போட்டிருக்கே, போஸ்டர்ல."

"பேரப் போட்டது அவ இல்ல அண்ணாச்சி. அப்பா சாகலன்னு நாப்பது நாளா சண்டை போட்டுக்கிட்டிருக்கா. கருமாதிக்கும் வர மாட்டேன்னுட்டா."

சாரல் அவர் முதுகில் விழுந்து தாடி வழியாக அறைக்குள் சொட்டியது.

"என்னதுக்கு வீட்ட விட்டு வந்திய?"

"அவிய கல்யாணத்துக்குப் போனாவ. ரெண்டு நாள் ஒத்தைக்கு இருந்தேன். யோசிச்சுப் பாத்தேன், அவிய இருக்கும்போதும் இப்படித்தான இருக்குன்னு தோணிச்சு. கோவம்லாம் இல்ல தாயி. ஒத்தைக்கு இருக்கதுன்னா தனி வீட்லயே இருந்துருவோம்னு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு அவனுக்குக் கடை விலாசத்துக்குக் கடிதாசி போட்டேன். நல்லா இருக்கேன், இந்த ஞாயித்துக்கிழமை செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வா, வீட்டக் காட்டுதேன்னு எழுதுனேன்."

"வந்தாரா?"

"நான் போய் நின்னேன். அவன் வரல. நிமிந்து பாத்தா, எதுத்தாப்புல தூண்ல நானே ஒட்டியிருந்தேன்."

ஏணியில் நின்ற அல்தாப் இன்னும் ஒரு படி ஏறினான்.

"கடிதாசி போய்ச் சேந்திருக்காது" என்றார் தில்லைநாயகம். "தபால்ல தொலையும்லா? தொலைஞ்சிருக்கும். அதான் நானும் பேசாம இருந்துட்டேன். ரெண்டு பிள்ளையளும் அழுது முடிச்சிட்டாவ, மறுபடி எதுக்குப் போயி நிக்கணும்னு."

செருப்பு வளையம் சங்கரேஸ்வரியின் கண்ணுக்குள் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. போனில் சென்னை நம்பரைப் போட்டு, நாற்காலி மேல் ஏறி, ஓட்டு இடைவெளி வழியாகக் கையை நீட்டினாள். மேலிருந்து ஈரமான கை வந்து வாங்கிக்கொண்டது.

"சொல்லுங்கக்கா" என்று போனுக்குள் பிரியாவின் குரல்.

"நான்தாம்மா" என்றார் அவர்.

போனிலிருந்து வந்த அழுகை மட்டும் ஓட்டு வழியாக இறங்கியது. சங்கரேஸ்வரி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெளியே போய் வேன் பக்கத்தில் நின்றாள்.

சாயங்காலம் நாலரைக்குக் குற்றாலம் காவல் நிலையத்தில் அய்யாக்குட்டி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். தாம் உயிருடன் இருப்பதாகவும், தம் விருப்பப்படியே வீட்டைவிட்டுப் போனதாகவும் தில்லைநாயகம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுகிற நேரத்தில் விஜயசங்கரின் பைக் வந்து நின்றது. அய்யாக்குட்டி சொல்லி அனுப்பியிருந்தார்.

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அப்பாவைப் பார்த்தான். சங்கரேஸ்வரியைப் பார்த்தான். மேசையில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் தலை குனிந்தது. அவள் கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். பெரியவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"கடிதாசி கெடச்சுதா?" என்று மகனைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், நம்பிவிடுவார். அவர் முகம் அப்படி இருந்தது. விஜயசங்கர் உதட்டைக் கடித்தான்.

"கெடச்சுதுப்பா."

"எப்ப?"

"சனிக்கிழமை. அதுக்குள்ள போஸ்டர் அடிக்கக் குடுத்தாச்சு. நீங்க போனதுக்கு நான்தான் காரணம்னு ஊர்ல பேச ஆரம்பிச்சிட்டாவ. போலீஸ்ல செருப்பைக் காட்டுனப்போ ஆமான்னு தலையாட்டிட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் வந்து அழுதுட்டுப் போயாச்சு. பொறவு எப்படிப்பா திருப்பிச் சொல்ல? ஒவ்வொரு நாளா ஓடிப் போச்சு."

அய்யாக்குட்டி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "தப்பா அடையாளம் காட்டுனதுக்கு இவன் மேல எழுதணும்லா" என்றார்.

"எழுதுங்க. அது உங்க சோலி" என்றார் தில்லைநாயகம். காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியிறங்கி, வேனின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். விஜயசங்கர் பின்னாலேயே வந்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வாங்கப்பா" என்றான். மூன்று தடவை சொன்னான்.

பெரியவர் அவன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக, நோகாமல், எடுத்துவிட்டார்.

"எங்க விட அண்ணாச்சி?" என்று கேட்டான் அல்தாப்.

"புளியரைக்கே விடுங்க தம்பி. காலையில பொதிகை ரயில்ல பிள்ளை வாரா. வழியில ஒரு டம்ளர் மட்டும் வாங்கணும்."